காதுவரை போன வெந்நீர்

காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்ட மாதிரி அந்த மனிதர் எங்கள் மாடிப்படியில் தடதடவென்று ஏறி வந்தார். விஷயத்தைச் சொன்னதும் அந்தப் பேச்சை நான் மனசுக்குள்ளேயே வாபஸ் வாங்கிக்கொண்டேன். அவர் கொண்டு வந்திருந்ததே வெந்நீர் கொட்டிய வழக்குதான்.

எங்கள் ஆபீஸ் என்றதும் பெரிதாக எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். பூட்டு ரிப்பேர் கடைக்கு மேலே ஒரே ஓர் அறை. ஒரு மேஜை, மூன்று நாற்காலி, அதில் ஒன்றுக்குக் கால் ஆடும். துப்பறிகிறவர் என் அண்ணி. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கோரிக்கைகளைப் பிடித்துக்கொண்டிருந்தார். பிடிக்கக்கூடாத ஒரு பெரிய மனிதரைப் பிடித்ததில் வேலை போயிற்று. அவர் அழவில்லை. மறுவாரமே சொந்தமாகப் போர்டு மாட்டிவிட்டார். "அவளைத் தனியா விடாதடா" என்று அண்ணன்தான் என்னை உதவிக்கு அனுப்பினான். தனியாக விடக்கூடாத ஆள் நான்தான் என்று ஒரு மாதத்திலேயே எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

வந்தவர் பஸ் டிரைவர். காக்கிச் சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. கால் ஆடும் நாற்காலியில்தான் சரியாகப் போய் உட்கார்ந்தார். எல்லோரும் அதில்தான் உட்காருவார்கள், ஏனென்று தெரியவில்லை.

அவர் சொன்ன கதை இது. அவருடைய மனைவி ஒரு பெரிய சலவை ஆலையில் இஸ்திரி மிஷின் பார்க்கிறார். ஆஸ்பத்திரிகளிலிருந்தும் ஹோட்டல்களிலிருந்தும் படுக்கை விரிப்பும் துண்டுமாக லாரி லாரியாக வரும் இடம். கூட வேலை செய்கிறவர்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் கறார் அக்கா. வெந்நீர் காய்ச்சும் பாய்லரில் ஏதோ கோளாறு இருக்கிறது என்று அந்த அக்கா பல மாதமாக மேனேஜரிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். போன வாரம் மேனேஜர் மேல் வெந்நீர் கொட்டி, அவர் வெந்துபோய்விட்டார். கறார் அக்கா அவர் மேல் பக்கெட்டைக் கவிழ்த்ததை இரண்டு பெண்கள் கண்ணால் பார்த்திருக்கிறார்கள்.

முதலாளி பெரிய மனசு பண்ணியிருக்கிறாராம். போலீசுக்குப் போகவில்லை. இன்று மத்தியான ஷிஃப்ட் மணி அடிக்கும்போது எல்லோர் முன்னாலும் நின்று, வெந்நீரை ஊற்றியது நான்தான், பாய்லர் பற்றிச் சொன்னதும் பொய் என்று சொல்லி மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும். கேட்டால் விட்டுவிடுவார். இல்லையென்றால் வேலையும் போகும், ஜெயிலும் நிச்சயம்.

"ரெண்டு வார்த்தைதானே மேடம். ஊத்தினியான்னு முதலாளி கேட்டாரு, ஊத்தினேன்னா. மன்னிப்பு கேளுன்னாரு, முடியாதுன்னுட்டா. நீங்கதான் வந்து அவ மனச மாத்தணும்."

மனசை மாற்றும் வேலையெல்லாம் எங்களுக்கு வராது, நடந்ததைத்தான் கண்டுபிடிப்போம் என்றார் அண்ணி. பிறகு, வீட்டில் அந்த அம்மா என்ன சொன்னார் என்று கேட்டார்.

"எங்க சொன்னா? அன்னிக்கு ராத்திரி வந்ததும் 'ஏன்டி ஊத்தினே'ன்னு கேட்டேன். அந்த நிமிஷத்துலேருந்து என்கிட்ட பேச்சே இல்ல. சாப்பாடு போடறா, பேச மாட்டேங்கறா."

அண்ணி அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அந்தப் பார்வையை எனக்குத் தெரியும். யாரோ ஒருவர் முட்டாள்தனமாக ஏதோ செய்திருக்கிறார், அது அவருக்கே இன்னும் தெரியவில்லை என்று அர்த்தம்.

டிரைவருக்கு வண்டி எடுக்க நேரமாகிவிட்டது. மணி அடிக்கும் நேரத்துக்கு ஆலைக்கு வந்துவிடுவதாகச் சொல்லிவிட்டு வந்த வேகத்திலேயே இறங்கிப் போனார். நாங்கள் ஸ்கூட்டரை எடுத்தோம்.

கறார் அக்காவைத் தேடவே வேண்டியிருக்கவில்லை. ஆலை கேட்டுக்கு உள்பக்கம், சுவர் நிழலில், யூனிஃபார்ம் கலையாமல் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். நாற்பது வயதிருக்கும். வேலையை விட்டு நிறுத்தி வைத்திருக்கிறார்கள், ஆனாலும் தினம் நேரத்துக்கு வந்துவிடுகிறாராம். ஏன் என்று கேட்டேன். வேலை கிடையாது என்று சொன்னது அவர்கள்தான், வரமாட்டேன் என்று தான் சொல்லவில்லையே என்றார். எனக்கு அப்போதே அந்த அம்மாவைப் பிடித்துவிட்டது. கூடவே கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

அன்றைக்கு என்ன நடந்தது என்று அண்ணி கேட்டார்.

"சொல்லியாச்சு."

"யார்கிட்ட?"

"முதலாளிகிட்ட. அன்னிக்கே, முழுசா. அவர் நம்பல. ஒரு தடவ சொன்னா அது உண்மை. ரெண்டாவது தடவ சொன்னா அது கெஞ்சல். நான் கெஞ்ச மாட்டேன்."

"எங்ககிட்ட சொன்னா இது முதல் தடவதானேக்கா?" என்று நான் சாமர்த்தியமாகக் குறுக்கே புகுந்தேன்.

"நீங்க துப்பறியறவங்கதானே தம்பி? துப்பறிங்க."

யாருக்காகத் துப்பறிகிறோமோ அவரே வாயைத் திறக்காத வழக்கு எங்களுக்கு இதுதான் முதல் தடவை. எனக்குக் கோபம் வந்தது. அண்ணிக்கோ சிரிப்பு வந்தது, உதட்டைக் கடித்து அடக்கிக்கொண்டார். கையை மட்டும் காட்டச் சொன்னார். கறார் அக்கா இரண்டு கைகளையும் நீட்டினார். இஸ்திரி மிஷின் தந்த பழைய தழும்புகள் இருந்தன, புதிதாக ஒரு கொப்புளம்கூட இல்லை. கொதிக்கிற தண்ணீரைப் பக்கெட்டில் தூக்கி வீசினவர் கையில் ஒரு துளிகூடவா தெறிக்காது என்று திரும்பி நடக்கும்போது அண்ணி தனக்குள்ளே கேட்டுக்கொண்டார்.

முதலாளி வாசல் அறையில் இரண்டு போனுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். வெள்ளை முடி, வெள்ளைச் சட்டை. நாங்கள் விசாரிக்கத் தடை சொல்லவில்லை. அந்தப் பெண்ணுக்கு நல்லது சொல்லத்தான் வந்திருக்கிறோம் என்று நினைத்துவிட்டார். அன்றைக்கு அவள் உங்களிடம் என்னதான் சொன்னாள் என்று அண்ணி கேட்டதற்கு நெற்றியைச் சொறிந்தார். ஏதோ நீளமாகச் சொன்னாளாம், அப்போது போனில் இன்னொருவர் இருந்தாராம், ஊற்றினேன் என்ற வார்த்தை மட்டும் காதில் விழுந்ததாம். அது போதாதா என்று எங்களையே திருப்பிக் கேட்டார்.

ஒருத்தியின் பிழைப்பே போகப்போகிறது, இவருக்குக் காதில் விழுந்தது ஒரே ஒரு வார்த்தை.

மேனேஜரின் அறை கட்டடத்தின் கடைசியில், பாய்லர் ரூமை ஒட்டி இருந்தது. மனிதர் சட்டை போடாமல், மார்பிலும் வயிற்றிலும் கட்டோடு ஃபேனுக்கு நேர் கீழே சாய்ந்திருந்தார். லீவ் எடுத்துக்கொள்ளாமல் வேலைக்கு வந்திருப்பதை அவரே இரண்டு தடவை சொன்னார். ஜன்னலில் நீலக் கோடு போட்ட திரை இரண்டு தொங்கியது. ஒன்று ஜன்னல் முழுவதையும் மூடியது, மற்றது அரை டிராயர் போட்டுக்கொண்டு பாதியிலேயே நின்றுவிட்டது.

"உயிரோட சுட்டுட்டா மேடம் என்னை" என்றார்.

"துப்பாக்கியாலயா சார்?" என்றேன்.

அண்ணி என் காலை மிதித்துவிட்டு, "சுட்டுச்சா, வெந்துச்சா?" என்று கேட்டார்.

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"ஒண்ணு இல்ல சார். நெருப்பு மேல ஏறும். தண்ணி கீழ இறங்கும்."

மேனேஜர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. அண்ணி சொன்னதை நான்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். நெருப்பு பட்டால் கருகும், பொசுங்கும், தீயும். வெந்நீர் பட்டால் வேகும், அவ்வளவுதான். அடுப்பில் காய்கறி வேகிறது, தொட்டியில் ஆஸ்பத்திரித் துணி வேகிறது, வெயிலில் நாம் வேகிறோம், மனசும் சில நாள் வெந்துபோகிறது. யோசிக்காமல் பேசுகிறவனை அரைவேக்காடு என்கிறோம், அந்தப் பட்டம் என் அண்ணன் எனக்குக் கொடுத்தது. இவை அத்தனைக்கும் ஒரே வார்த்தையை வைத்துக் காலம் தள்ளுகிறோம். ஆனால் தோல் வெந்துபோனால் வலி எப்படி இருக்கும் என்று அந்த வார்த்தை சொல்வதே இல்லை. மேனேஜர் எவ்வளவு பெரிய புளுகராக இருந்தாலும் அந்த வலி நிஜம். உட்காரவும் நிமிரவும் அவர் பட்ட பாட்டைப் பார்த்தபோது எனக்கே பாவமாகத்தான் இருந்தது.

கேட்காமலே போனை எடுத்துப் படம் காட்டினார். ஆலையில் எல்லோரிடமும் காட்டியிருப்பார் போல. ஆஸ்பத்திரியில் கட்டுப் போடும் முன் எடுத்தது. வயிற்றில் பெரிதாக, சிவந்து, கொப்புளம் கொப்புளமாக வெந்திருந்தது. அங்கிருந்து மார்பு வழியாக ஒரு பட்டை, போகப் போகக் குறுகி, கழுத்தின் இடது பக்கத்தில் ஏறி, காதுக்குப் பின்னால் போய் முடிந்திருந்தது. பெல்ட்டுக்குக் கீழே ஒன்றுமே ஆகவில்லை.

"கீழ எப்படி சார் தப்பிச்சுது?" என்று அண்ணி விசாரித்தார்.

"பெல்ட் போட்டிருந்தேன்ல. அது தடுத்திருச்சு."

பெல்ட்டா அணைக்கட்டா என்று கேட்க வாயைத் திறந்தேன். அண்ணியின் செருப்பு மறுபடி என் காலைத் தேடியது.

அப்போது எங்கே இருந்தீர்கள் என்றதற்கு, பாய்லர் ரூம் வாசலில் நிமிர்ந்து நின்றுகொண்டிருந்ததாகச் சொன்னார். பாய்லரைப் பற்றி வீண் புரளி கிளப்பாதே என்று கண்டித்தாராம், உடனே அவள் வெந்நீரை வீசிவிட்டாளாம். பிறகு தன் அதிர்ஷ்டத்தைச் சொல்ல ஆரம்பித்தார்.

"டாக்டரே ஆச்சரியப்பட்டாரு மேடம். உடனே பச்சைத் தண்ணி ஊத்தினதால பொழச்சீங்க, இல்லன்னா தோலெல்லாம் கழண்டு வந்திருக்கும்னாரு."

"யாரு ஊத்தினது?"

மேனேஜர் போனை அணைத்துக் கீழே வைத்தார். "நான்தான். நானே ஊத்திக்கிட்டேன்."

"எதுல மொண்டு?"

"ஏதோ ஒண்ணுல. அந்த வலியில அதையெல்லாம் யார் பாத்தா?"

பாய்லர் ரூமில் எங்களுக்காகப் பாய்லர்காரரும், சாட்சி சொன்ன இரண்டு பெண்களில் ஒருத்தியும் காத்திருந்தார்கள். அந்தப் பெண் விரிப்பு மடிப்பவள். சாட்சி சொல்லிவிட்டோமே என்ற தவிப்பு அவள் முகத்திலேயே தெரிந்தது. அக்கா பக்கெட்டைக் கவிழ்த்ததைப் பார்த்தது உண்மைதான் என்றாள், பொய் சொல்லவில்லை என்று இரண்டு தடவை சொன்னாள்.

"நீ பொய் சொல்றதா நான் சொல்லலம்மா" என்றார் அண்ணி. "எதுக்கு இந்தப் பக்கம் ஓடி வந்தே?"

"அலறல் கேட்டுச்சு. அதான் ஓடி வந்தோம்."

"அப்போ முதல்ல அலறல். அப்புறம்தான் பக்கெட்."

அந்தப் பெண் மெதுவாக ஆமாம் என்று தலையாட்டினாள். அவளிடம் இத்தனை நாளாக யாருமே கேட்காத கேள்வி அது.

பாய்லர் நாலு இரும்புக் கால்களில் நின்றது. அடியில் ஒரு ஆள் நெளிந்து நுழையும் அளவு இடைவெளி. அடிப்பாகத்தில் ஒரு குழாய் கீழ்நோக்கி நீட்டிக்கொண்டிருந்தது. இங்கே அதற்கு மூச்சுக்குழாய் என்று பேர். உள்ளே அழுத்தம் கூடினால் வெந்நீர் அதன் வழியாக வெளியே வந்துவிடும், பாய்லர் வெடிக்காது. அது சொட்டிக்கொண்டே இருந்ததால் பாய்லருக்கு எரிக்கிற எண்ணெய்ச் செலவு ஏறுகிறது என்று முதலாளி கத்தியிருக்கிறார். கொஞ்ச நாளில் சொட்டுவது நின்றுவிட்டது. குழாயை யாரோ அடைத்துவிட்டார்கள், பாய்லர் மூச்சு முட்டிச் சாகப்போகிறது, கூட நாமும் சாவோம் என்பதுதான் கறார் அக்கா பல மாதமாகப் போட்ட சண்டை. பார்த்துச் சொல்ல பாய்லர்காரருக்குப் பயம். கிட்டே போனால் சீட்டு கிழியும் என்று மேனேஜர் மிரட்டியிருந்தார். சம்பவத்துக்கு மறுநாள் அரசாங்க இன்ஸ்பெக்டர் வருவதாக இருந்ததாம், இந்தக் கலாட்டாவில் தேதி தள்ளிப்போயிற்று. சம்பவத்தன்று பாய்லர்காரரை ஏதோ சாமான் வாங்க வெளியே அனுப்பியதும் மேனேஜர்தான்.

அண்ணி தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். சலவை ஆலையில் எங்கேயும் தரை மட்டமாக இருக்காது. கொட்டுகிற தண்ணீர் வடிகாலுக்கு ஓட வேண்டும் என்று சரிவாகவே போட்டிருப்பார்கள். இங்கேயும் மேட்டுப் பக்கம் ஒரு கதவு, தொழிலாளர்கள் வந்துபோக. பள்ளத்துப் பக்கம் வடிகால், அதன் பக்கத்தில் இன்னொரு கதவு.

"நீ படு" என்றார் அண்ணி என்னிடம்.

எதற்கு என்று கேட்டு எந்தக் காலத்திலும் பிரயோஜனம் இருந்ததில்லை. பாய்லருக்குக் கொஞ்சம் தள்ளி, அதே சரிவில் மல்லாந்து படுத்தேன். பாய்லர்காரர் வந்து என்னைத் திருத்தினார். அடியில் போகிறவர்கள் மேட்டுப் பக்கமாகக் காலை முதலில் விட்டு நுழைவார்கள். தலை வெளியே மேட்டில் இருக்கும், கால் வடிகால் பக்கம் போகும். வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம் அதுதானாம். அப்படியே படுத்தேன். மடிப்புக்காரப் பெண் ஒரு குவளைத் தண்ணீரை என் வயிற்றில் ஊற்றினாள். அது பேன்ட்டை நனைத்து, தொடை வழியாக ஷூவுக்குள் போயிற்று. கழுத்துப் பக்கம் ஒரு சொட்டு வரவில்லை.

"அண்ணி, உங்க ஐடியா ஊத்திக்கிச்சு" என்றேன். "எனக்கு சளி பிடிக்கப்போறது மட்டும்தான் மிச்சம்."

அண்ணியின் முகம் வாடியது. மணி அடிக்க அதிக நேரமில்லை. வெளியே நிழலில் அந்த அம்மா நிமிர்ந்து உட்கார்ந்திருப்பது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. நாம் தோற்றால் போலீஸ் வேனிலும் அப்படித்தான் உட்கார்ந்து போவார் என்று தோன்றியது.

அண்ணி பள்ளத்துப் பக்கக் கதவைக் காட்டி, அது எங்கே போகிறது என்று கேட்டார். மேனேஜர் ரூமுக்கு என்றார் பாய்லர்காரர்.

"திரும்பிப் படுடா. தலை வடிகால் பக்கம்."

திரும்பினேன். மறுபடி ஒரு குவளை. இந்தத் தடவை தண்ணீர் வயிற்றிலிருந்து மார்புக்கு வந்தது, கழுத்தின் இடது பக்கம் வழிந்து காதுக்குப் பின்னால் சொட்டியது. மடிப்புக்காரப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இப்படி யாருங்க படுப்பாங்க?" என்றார் பாய்லர்காரர். "எங்க ஆளுங்க யாரும் படுக்க மாட்டாங்க. பள்ளத்துப் பக்கமா நுழைஞ்சா எல்லாம் தலைக்குத்தானே வரும்?"

"உங்க ஆளுங்க படுக்க மாட்டாங்க" என்றார் அண்ணி. "ஒரு நாளும் அடியில போகாத ஆளு, தன் ரூம் கதவு வழியா அவசரமா வந்தா, எந்தப் பக்கமா நுழைவாரு?"

பாய்லர்காரர் அந்தக் கதவைப் பார்த்தார். பிறகு மூச்சுக்குழாயைப் பார்த்தார்.

தண்ணீர் போன வழியில் வேறு ஏதாவது போயிருக்கலாம் என்று அண்ணி சொன்னதும், அடுத்த உத்தரவு எனக்குத்தான் என்று தெரிந்துவிட்டது. வடிகால் மூடியைத் தூக்கினேன். துணிப் பஞ்சு அடைத்துக்கொள்ளாமலிருக்க உள்ளே ஒரு கம்பிக் கூடை இருந்தது. சம்பவத்துக்கு அப்புறம் அதை இன்னும் சுத்தம் செய்யவில்லையாம். கையை விட்டேன். ஈரப் பஞ்சு, ஒரு பொத்தான், பெயர் சொல்ல விரும்பாத சில சமாசாரங்கள், அப்புறம் கெட்டியாக ஒன்று. மரத்தில் செதுக்கிய ஆப்பு. இறுக்கமாக இருக்க அதைச் சுற்றித் துணி கட்டியிருந்தது. துணியில் நீலக் கோடு.

அண்ணியும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அண்ணி என் காதில் ஒரு வேலை சொன்னார், நான் ஓடினேன்.

மணி அடித்தபோது முற்றம் நிறைந்துவிட்டது. வேலை முடித்தவர்களும் வேலைக்கு வந்தவர்களும் சேர்ந்து நின்றார்கள். நடுவில் ஒரு முக்காலி. முதலாளி ஒரு பக்கம், லூசாக ஒரு சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு மேனேஜர் இன்னொரு பக்கம். டிரைவர் வண்டியை எங்கே விட்டுவிட்டு வந்தாரோ, மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டருகில் நின்றார்.

கறார் அக்கா முக்காலியில் ஏறினார்.

"ஊத்தினேன்" என்றார். "மறுபடியும் அப்படி நடந்தா, மறுபடியும் ஊத்துவேன். பாய்லர் பத்தி சொன்னதுல ஒரு எழுத்து மாத்த மாட்டேன்."

டிரைவர் தலையில் கையை வைத்துக்கொண்டார். முதலாளி முகம் சிவந்து போனை எடுத்தார். அப்போதுதான் அண்ணி நடுவில் வந்து நின்றார்.

"போலீசுக்குத் தாராளமா போன் பண்ணுங்க சார். அவங்க வந்து கேக்கப்போறதை நான் முன்னாடியே கேட்டுடறேன். மேனேஜர் சார், நிமிர்ந்து நின்னீங்க. வயித்துல பட்ட வெந்நீர் கால் பக்கம் போகாம காதுக்கு எப்படி ஏறுச்சு?"

மேனேஜர் சிரிக்கப் பார்த்தார். வீசிய வேகத்தில் தெறித்திருக்கும் என்றார். தெறித்தால் புள்ளி புள்ளியாக வேகும், உங்கள் படத்தில் ஒரே பட்டையாக வழிந்திருக்கிறதே என்றார் அண்ணி. சரிந்த தரையில் தலையைப் பள்ளத்தில் வைத்து மல்லாந்து படுத்தவனுக்குத்தான் தண்ணீர் அப்படி வழியும், இந்த ஆலையில் வேலை தெரிந்த யாரும் அப்படிப் படுக்க மாட்டார்கள் என்றார். கூட்டத்தில் பாய்லர்காரர் ஆமாம் என்று உரக்கச் சொன்னார். இத்தனை மாதத்தில் அவர் உரக்கப் பேசியது அதுதான் முதல் தடவை போல, பக்கத்திலிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"நான் எதுக்கு அதுக்கு அடியில போகணும்?" என்றார் மேனேஜர்.

அண்ணி கைப்பையிலிருந்து ஆப்பை எடுத்தார். "இன்ஸ்பெக்டர் வர்றதுக்குள்ள இதை உருவணும். அதுக்குத்தான்."

"அது யாரு வேணா அடைச்சிருக்கலாம். அவளே அடைச்சிருக்கலாம்."

கூட்டத்தின் பின்னால் காத்திருந்த நான் முன்னால் வர வேண்டிய நேரம் அது. தோளில் நீலக் கோடு போட்ட ஜன்னல் திரையோடு கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தேன். அரை டிராயர் போட்டிருந்த அதே திரை. ஆப்பில் இருந்த துணியை அவிழ்த்து, கிழிந்த ஓரத்தைத் திரையின் ஓரத்தோடு வைத்தேன். கோட்டோடு கோடு போய் ஒட்டிக்கொண்டது.

"இங்க உங்க பருப்பு வேகாது சார்" என்றேன். இந்தத் தடவை அண்ணி என் காலை மிதிக்கவில்லை.

மேனேஜர் தோளில் இருந்த சட்டையை இழுத்து இழுத்து மூடிக்கொண்டார்.

"இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு" என்றார் அண்ணி. "அலறல் கேட்டு முதல்ல ஓடி வந்தவங்க இவரைத் தோளைப் பிடிச்சு வெளிய இழுத்திருக்காங்க. பக்கத்துல துணி அலசற தொட்டியிலேருந்து பச்சைத் தண்ணியை பக்கெட்டுல மொண்டு மேல கொட்டியிருக்காங்க. கவிழ்த்ததைத்தான் மத்தவங்க பாத்தாங்க. அதனாலதான் தோல் கழண்டு வரலைன்னு டாக்டர் சொன்னாரு. அந்த ஆளைத்தான் நீங்க முக்காலியில ஏத்தி மன்னிப்பு கேக்கச் சொல்றீங்க."

மடிப்புக்காரப் பெண் அழ ஆரம்பித்தாள். மேனேஜர் மறுப்பார் என்று காத்திருந்தேன், அவர் குனிந்த தலை நிமிரவில்லை.

டிரைவர் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தார். "பச்சைத் தண்ணியா? ஏன்டி என்கிட்ட சொல்லல?"

"ஏன் ஊத்தினேன்னு கேட்டீங்க. நான் குத்தவாளின்னு முடிவு பண்ணிட்டுத்தான் வீட்டுக்குள்ளயே நுழைஞ்சீங்க. என்ன தண்ணின்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

டிரைவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

முதலாளி தொண்டையைக் கனைத்தார். ஏதோ தப்பு நடந்துபோச்சு, பேசித் தீர்த்துக்கலாம், எல்லோரும் வேலையைப் பாருங்கள் என்றார். கறார் அக்கா முக்காலியை விட்டு இறங்கினார். நான் அதோடு முடிந்தது என்று நினைத்தேன். அவர் முக்காலியை முதலாளி பக்கம் நகர்த்தினார்.

"ஏறுங்க சார்."

"என்னம்மா இது?"

"அன்னிக்கு நான் உங்ககிட்ட சொன்னேன்ல. அதை இப்ப நீங்க சொல்லுங்க. எல்லாருக்கும் கேக்கற மாதிரி."

"எனக்கு ஞாபகமே இல்லம்மா. இன்னொரு தடவ சொல்லு, நான் அப்படியே..."

"ஒரு தடவைதான் சொல்வேன். அது முடிஞ்சுபோச்சு."

முதலாளி சுற்றிலும் பார்த்தார். ஒருவரும் நகரவில்லை. மேனேஜர் மட்டும் கூட்டத்தின் ஓரமாக நழுவப் பார்த்தார், பாய்லர்காரர் வழியை மறித்துக்கொண்டு நின்றார். கடைசியில் அந்த வெள்ளைச் சட்டைக்காரர் என் தோளைப் பிடித்துக்கொண்டு முக்காலியில் ஏறினார். மேனேஜர் மூச்சுக்குழாயை அடைத்திருந்தார், அதை எடுக்க அடியில் போனார், வெந்நீர் கொட்டியது, இந்த அம்மா இழுத்துப் போட்டுத் தண்ணி ஊத்தினாங்க என்று தடுமாறித் தடுமாறிச் சொன்னார்.

"என்ன தண்ணி?" என்றார் கறார் அக்கா.

"பச்சைத் தண்ணி."

"கேக்கல" என்று கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. மடிப்புக்காரப் பெண்தான், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"பச்சைத் தண்ணி" என்று முதலாளி கத்திச் சொன்னார்.

அவர் இறங்கியதும் கறார் அக்கா அதே முக்காலியில் உட்கார்ந்தார். இன்ஸ்பெக்டர் வந்து மூச்சுக்குழாயைப் பார்த்துக் கையெழுத்துப் போடும்வரை பாய்லரை மூட்டக் கூடாது என்றார். அது கோரிக்கை மாதிரி இல்லை, தகவல் மாதிரி இருந்தது. பாய்லர்காரர் உள்ளே போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தார். பெண்கள் ஒவ்வொருவராகத் தரையிலேயே உட்கார்ந்தார்கள். லாரிகள் கேட்டில் வந்து ஹாரன் அடித்தன. அன்றைக்கு அந்த ஆலையில் ஒன்றுமே வேகவில்லை.

நாங்கள் கிளம்பும்போது டிரைவர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு மனைவியின் எதிரில் நின்றுகொண்டிருந்தார். வெகு நேரமாக அப்படித்தான் நின்றிருப்பார் போல.

"அன்னிக்கு என்ன நடந்துச்சு?" என்று கேட்டார்.

கறார் அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தார். இன்னொரு தடவை சொல்ல மாட்டேன் என்று சொல்லப்போகிறார் என்று நான் பயந்தேன்.

"உங்களுக்கு இதுதான் முதல் தடவ" என்றார். "உக்காருங்க, சொல்றேன்."

அவர் தரையில் உட்கார்ந்தார்.